காற்று கொண்டுபோகும் தண்ணீர்

ஆற்காட்டிலிருந்து ஆரணிக்குச் செல்லும் சாலையில் திமிரி என்று ஓர் ஊர் உண்டு. சரித்திரப் புஸ்தகம் படித்தவர்களுக்கு அதன் பெயர் சற்று நினைவிருக்கலாம். 1751-ம் வருஷம் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தபோது, அங்கிருந்து ஓடிய சேனை திமிரிக் கோட்டையருகில் கூடிற்று. கிளைவ் அதைத் துரத்திக்கொண்டு திமிரிக்குப் படை நடத்தினான். பிறகு திமிரியைப் பற்றிச் சரித்திரக்காரர்கள் அதிகம் கவலைப்படவில்லை. திமிரியும் அவர்களைப் பற்றிக் கவலைப்படாமல் நெல் விளைத்துக்கொண்டிருந்தது. 2019-ல் பழைய வேலூர் ஜில்லாவை மூன்றாகப் பிரித்தபோது அது ராணிப்பேட்டை ஜில்லாவில் சேர்ந்தது.

நாம் அவ்வூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பௌதிகம் போதிக்கும் உபாத்தியாயர். நமக்குச் சொந்தத்தில் நிலம் கிடையாது. ஆனால் நாம் குடியிருக்கும் வீட்டுக்குப் பின்னால் இரண்டு ஏக்கர் நஞ்சையும் ஒரு கிணறும் வைத்திருக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். ஒரு மார்கழி மாதத்துக் காலை, அவர் வேலியோரம் வந்து நின்று நம்மைக் கூப்பிட்டார்.

"வாத்தியாரையா! போன வருஷம் நவரைக்கு ரெண்டு ஏக்கரும் நட்டேன். மாசி வரைக்கும் பயிர் பச்சையாத்தான் இருந்தது. பங்குனியிலே, பால் பிடிக்கிற சமயம் பார்த்துக் கிணறு கைவிட்டுட்டது. ஒரு ஏக்கர் முழுக்கப் பதர். வட்டிக்கு வாங்கின பணம் இன்னும் நிக்குது. இந்த வருஷம் எத்தனை நடலாம்? உங்க சாஸ்திரத்திலே இதுக்குக் கணக்கு உண்டா?"

கணக்கு உண்டு என்று உடனே சொல்லிவிட்டோம். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. வகுப்பில் கரும்பலகையில் போடும் கணக்குத் தப்பினால் அழித்துவிடலாம். இந்தக் கணக்குத் தப்பினால் ஒரு குடும்பத்தின் சாப்பாடு போய்விடும்.

மூன்று வழிகள்

வயலில் நிற்கும் தண்ணீர் எங்கே போகிறது? வரப்பு ஓட்டை வழியாக அடுத்த வயலுக்குப் போவதைச் சேற்றை அப்பி அடைத்துவிடலாம். மிச்சம் இரண்டு வழி. ஒன்று, மண்ணுக்குள் கீழே இறங்குவது. மற்றொன்று, மேலே காற்றில் ஆவியாய்ப் போவது. மேலே போவதிலும் இரண்டு வகை உண்டு. தண்ணீரின் பரப்பிலிருந்து நேரே ஆவியாவது ஒரு வகை. வேர் உறிஞ்சி, தண்டு வழியே ஏறி, இலையின் நுண்ணிய துவாரங்கள் வழியாக வெளியேறுவது இன்னொரு வகை.

இலை ஏன் அந்தத் துவாரங்களைத் திறந்து வைக்கவேண்டும் என்று மாணாக்கர்கள் கேட்பதுண்டு. இலைக்குக் கரியமில வாயு தேவை. அதிலிருந்துதான் அது மாவுப் பொருளை உண்டாக்குகிறது. நாம் சோறு என்று உண்பதும் அதுவே. வாயு உள்ளே வரவேண்டுமானால் கதவு திறந்திருக்க வேண்டும். கதவு திறந்திருந்தால் உள்ளே உள்ள ஈரம் வெளியே போகத்தான் செய்யும். அரிசி வேண்டும், ஆனால் காற்றுக்குத் தண்ணீர் கொடுக்கமாட்டோம் என்றால் நடவாது.

இந்த வியர்வையை முதன்முதலில் சிரத்தையாக நிறுத்துப் பார்த்தவர்களில் ஒருவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியார். தொட்டியில் வைத்த சூரியகாந்திச் செடி ஒன்றின் மண்ணை ஈயத் தகட்டால் மூடிவிட்டு, நாள்தோறும் தொட்டியை நிறுத்தார். பகலில் சராசரி ஒரு பவுண்டு நாலு அவுன்ஸ் குறைந்தது. 1727-ல் வெளிவந்த அவருடைய நூலில் இந்தக் கணக்கு இருக்கிறது. நமது தேசத்தில் பீஹாரிலுள்ள பூசா விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் லெதர் என்ற ரசாயன நிபுணர் பயிர்களைத் தொட்டிகளில் வளர்த்து நிறுத்துப் பார்த்து, 1910, 1911-ம் வருஷங்களில் இந்தியப் பயிர்களின் தண்ணீர்த் தேவையைப் பற்றி எழுதினார். தோல் பதனிடும் ஜில்லாக்காரர்களாகிய நமக்கு, "தோல்" என்று பொருள்படும் அந்தப் பெயரைக் கேட்டாலே சிரிப்பு வரும்.

பிறகு 1932-ல் புனாவில் விவசாயத்துக்கென்றே ஒரு வானிலைப் பிரிவு ஏற்பட்டது. அதன் பொறுப்பை ஏற்றவர் பாலக்காட்டில் பிறந்தவரும் ஸர் சி. வி. ராமனின் மாணாக்கருமான எல். ஏ. ராமதாஸ். பயிரின் தலைக்குமேல் ஓரிரண்டு முழ உயரத்துக்குள் காற்று எப்படி நடந்துகொள்கிறதென்று அளந்து பார்ப்பதே அவருடைய வேலை. மேகமற்ற, காற்றசையாத இரவில் மிகவும் குளிர்ந்திருப்பது தரையல்ல, தரைக்குச் சற்று மேலேயுள்ள காற்றே என்று அவரும் ஆத்மநாதனும் அந்த 1932-லேயே எழுதினார்கள். அக்காலத்து அறிஞர் பலர் கருவியில் பிசகு என்று எண்ணினார்கள். பிற்காலத்து அளவுகள் ராமதாஸ் சொன்னதையே உறுதிப்படுத்தின. இன்று உலகம் முழுதும் அந்தக் காற்றடுக்குக்கு அவர் பெயரே வழங்குகிறது.

சூரியன் எழுதும் சீட்டு

காற்று எவ்வளவு தண்ணீர் கொண்டுபோகும் என்பது அதன் இஷ்டத்தைப் பொறுத்ததல்ல. நாலு விஷயங்கள் அதைத் தீர்மானிக்கின்றன: வெயில், காற்றின் வேகம், காற்றின் உஷ்ணம், அதில் ஏற்கெனவே உள்ள ஈரம். இந்த நாலையும் ஒரே சூத்திரத்தில் அமைத்தவர் இங்கிலாந்தில் ராதம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த பென்மன், வருஷம் 1948. 1965-ல் மாண்டீத் என்பவர் இலைத் துவாரங்களின் தடையையும் அதில் சேர்த்தார். ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய ஸ்தாபனம் 1998-ல் வெளியிட்ட கைந்நூல் இவ்விருவரின் சூத்திரத்தையே உலகுக்குப் பொதுவாக்கிற்று. பன்னிரண்டு செண்டிமீட்டர் உயரமுள்ள செழித்த புல்தரை எவ்வளவு தண்ணீர் இழக்குமென்று முதலில் கணக்கிட வேண்டும். அதை ஒவ்வொரு பயிருக்கும் உரிய எண்ணால் பெருக்க வேண்டும். நெல்லுக்கு அந்த எண் நட்ட புதிதில் 1.05, நடுப்பருவத்தில் 1.20, அறுவடைக்கு அருகில் 0.90-க்கும் 0.60-க்கும் இடையே.

இதில் பெரிய கை சூரியனுடையது. முப்பது டிகிரியிலுள்ள ஒரு கிராம் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 70 காலரி போதும். அதே ஒரு கிராமைக் கொதிக்க வைக்காமல் முப்பது டிகிரியிலேயே ஆவியாக்குவதற்கு ஏறத்தாழ 580 காலரி வேண்டும். எட்டு மடங்கு! இந்த உஷ்ணத்தில் பெரும் பகுதியைக் கொடுப்பது வெயில். ஆகவே வெயில் எவ்வளவு சீட்டு எழுதிக் கொடுக்கிறதோ, ஏறக்குறைய அவ்வளவுதான் காற்று எடுத்துக்கொள்ள முடியும். வறண்ட காற்று வீசினால் மட்டும் சற்று மேலே போகும்.

சூத்திரத்துக்கு வேண்டிய கருவிகள் நம்மிடம் இல்லை. ஆனால் அவற்றுக்குப் பதிலாக ஒரு தொட்டி போதும். வானிலை நிலையங்களில் சுமார் நாலு அடி குறுக்களவும் பத்து அங்குல ஆழமுமுள்ள வட்டத் தொட்டியைத் தரைக்குச் சற்று மேலே மரச்சட்டத்தில் வைத்து, தினந்தோறும் எத்தனை மில்லிமீட்டர் தண்ணீர் குறைகிறதென்று பார்ப்பார்கள். அதில் சுமார் முக்கால் பங்கு புல்தரையின் இழப்பு. அதை நெல்லின் 1.20-ஆல் பெருக்கினால், தொட்டியில் பத்துக் குறையும் இடத்தில் வயலில் ஒன்பது குறையும். கிராமத்துக் கணக்குக்கு இது மிகவும் சௌகரியம்.

நாமும் பள்ளிக்கூடத்து மைதானத்தில் ஒரு பெரிய தகரத் தொட்டியை வைத்து, மாணாக்கர் நால்வரைக் காவல் போட்டோம். முதல் வாரத்துக் கணக்கைப் பார்த்துத் திடுக்கிட்டோம். நாளுக்குப் பன்னிரண்டு மில்லிமீட்டர்! மார்கழியில் சகாரா பாலைவனம் திமிரிக்கு வந்துவிட்டதா? விசாரித்ததில், நண்பகலில் காவலர்கள் சாப்பிடப் போகும் நேரத்தில் காகங்கள் வந்து நீராடுகின்றன என்றும், ஓர் ஆடு தினந்தவறாமல் தாகசாந்தி செய்துகொள்கிறதென்றும் தெரிந்தது. நமது தேசத்து வானிலைத் தொட்டிகளுக்குக் கம்பி வலை மூடியிருப்பதன் ரகசியம் அப்போதுதான் விளங்கிற்று. வலை போட்ட பிறகு அளவு ஐந்து மில்லிமீட்டருக்கு இறங்கிவிட்டது. பத்தில் ஒன்பது என்ற கணக்கில், வயலில் காற்றின் பங்கு நாளுக்கு நாலரை மில்லிமீட்டர்.

இரவில் ஓர் அளவு

நாலரை மில்லிமீட்டர் என்றால் பெரியவருக்கு ஒன்றும் புரியவில்லை. "நகக்கண் அளவு கூட இல்லையே!" என்றார். ஏக்கர் கணக்கில் சொன்னோம். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீட்டர் என்பது 4,047 லிட்டர். ஆகவே நாலரை மில்லிமீட்டர் என்பது பதினெட்டாயிரம் லிட்டருக்குச் சற்று மேல். நகரவாசி ஒருவருக்கு நாள் ஒன்றுக்கு 135 லிட்டர் என்று திட்டம் போடுகிறவர்களின் கணக்குப்படி, நூற்றுமுப்பது பேருக்கு மேல் குடித்துக் குளித்துத் துவைக்கும் தண்ணீரை அந்த ஓர் ஏக்கரிலிருந்து காற்று ஒரே நாளில் கொண்டுபோகிறது. பெரியவர் வானத்தை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார்.

அடுத்தபடி மண்ணின் பங்கு. இதை அளக்க ஓர் எளிய உபாயம் உண்டு. இரவில் வெயில் இல்லை. காற்றின் பங்கு மிகவும் சொற்பம். ஆகவே அந்தியிலிருந்து விடியற்காலை வரை வயலில் குறைவதெல்லாம் ஏறத்தாழ மண் குடித்தது. ஆனால் குறைவது இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். அதைக் கண்ணால் எப்படிப் பார்ப்பது? அளவுகோலை நேரே நிறுத்தாமல், ஐந்துக்கு ஒன்று என்ற சரிவில் சாய்த்து ஊன்ற வேண்டும். நீர்மட்டம் ஒரு மில்லிமீட்டர் இறங்கினால் கோலில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் தூரம் நனைவு விலகும். சம்பாப் பயிர் இன்னும் நின்றுகொண்டிருந்த வயலில் மழையில்லாத ஐந்து இரவுகள் இப்படிப் பார்த்தோம். பன்னிரண்டு மணி நேரத்தில் இரண்டு மில்லிமீட்டர். அதாவது நாளுக்கு நாலு. நன்றாகச் சேறடித்த களிமண்ணில் இது ஒன்று முதல் ஐந்துக்குள் இருக்கும். மணற்பாங்கான நிலத்தில் இருபத்தைந்தையும் தாண்டும்.

கடைசியாகக் கிணறு. மோட்டாரை ஓடவிட்டு 200 லிட்டர் பீப்பாயை வைத்தோம். இருபத்தைந்து விநாடியில் நிரம்பிற்று. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியதும் கிணறு அடி தட்டியது; மறுபடி ஊற மறுநாள் காலையாகும். ஆகவே நாளுக்குக் கிடைப்பது சுமார் 50,000 லிட்டர்.

இப்போது கணக்கைப் போட்டோம். தை மாதத்தில் காற்றுக்கு நாலரை, மண்ணுக்கு நாலு, ஆக எட்டரை மில்லிமீட்டர். ஏக்கருக்கு 34,000 லிட்டர். இரண்டு ஏக்கர் நட்டால் 68,000-க்கு மேல். கிணற்றில் உள்ளதோ ஐம்பதாயிரம்! "அப்படியானால் போன வருஷம் மாசி வரைக்கும் எப்படித் தாங்கிச்சு?" என்று பெரியவர் கேட்டார். நல்ல கேள்வி. ஐப்பசி, கார்த்திகை மழை ஊறிய மண்ணும், அப்போது நிறைந்திருந்த கிணறும் சேமிப்புப் பணம் போல. வரவுக்கு மேல் செலவு செய்கிறவன் முதல் மாதத்திலேயே பிச்சைக்குப் போய்விடுவதில்லை. சேமிப்பு தீரும் வரையில் சீமான் போலவே காட்சியளிப்பான். போன வருஷத்து வயல் அப்படித்தான் பச்சையாயிருந்தது.

பங்குனியில் தொட்டி ஏழேகால் காட்டுமென்று வைத்துக்கொண்டு, வயலுக்கு ஆறரை என்று மதிப்பிட்டோம். மண்ணுக்கு நாலும் சேர்ந்தால் பத்தரை. ஏக்கருக்கு 42,500 லிட்டர். அதற்குள் கிணறு நாற்பதாயிரத்துக்கு இறங்கிவிடலாம். ஓர் ஏக்கருக்கே இழுபறி!

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், "ஒண்ணு நெல்லு, ஒண்ணு வேர்க்கடலை" என்றார். அவ்வளவுதான், எழுந்து போய்விட்டார். அன்றிரவு நமக்குத்தான் தூக்கம் வரவில்லை.

வயல் நமக்குப் போட்ட மதிப்பெண்

ஆடுதுறை 37 என்ற நூற்றைந்து நாள் நெல் நட்டாயிற்று. இரண்டு பீப்பாய்களை வெட்டி, ஒன்றை அடியோடும் மற்றொன்றை அடியில்லாமலும் வயலில் புதைத்து, இரண்டிலும் அதே நாற்றை நட்டோம். அடியுள்ள பீப்பாயில் குறைவது காற்றின் பங்கு மட்டும். அடியற்றதில் குறைவது காற்றும் மண்ணும் சேர்ந்து. நமது தேசத்து ஆராய்ச்சி நிலையங்களில் வெகுகாலமாகக் கையாளும் முறைதான் இது.

மாசி வரையில் நமது மதிப்பும் பீப்பாயும் ஒத்துப் போயின. பங்குனியில் அடியுள்ள பீப்பாய் ஆறரைக்குப் பதில் ஏழு காட்டிற்று. அரை மில்லிமீட்டர் பிசகு. ஏக்கருக்கு நாளொன்றுக்கு இரண்டாயிரம் லிட்டர். எங்கே தவறினோம்? விடை சொன்னவர் பெரியவர்தான். "மேற்கு வரப்போரம்தான் எப்பவும் முதல்லே காயும். அந்தப் பக்கம் கரம்பு இல்லே?" என்றார். பக்கத்துத் தரிசு நிலத்தில் காய்ந்த காற்று, ஈரமுள்ள இந்த வயலுக்குள் புகுந்ததும் தாகம் தீரக் குடிக்கிறது. நாலு பக்கமும் நெல் நின்றிருந்தால் காற்று ஈரத்தோடு வந்திருக்கும். நாம் பார்த்த புஸ்தகக் கணக்கு அத்தகைய பரந்த வயலுக்குத்தான். சாஸ்திரம் நமக்குத் தெரியும். வயல் அவருக்குத் தெரியும்.

குறைந்ததை எப்படி ஈடு செய்தோம்? காற்றின் பங்கில் கை வைக்க முடியாது. மண்ணின் பங்கில் வைக்கலாம். துளையிட்ட குழாய் ஒன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே பதினைந்து செண்டிமீட்டர் இறங்கும் வரை பொறுத்திருந்து மறுபடியும் பாய்ச்சும் முறையை விவசாய இலாகா சிபாரிசு செய்கிறது. மேலே தண்ணீர் நின்று அழுத்தாத நாட்களில் கீழே இறங்குவதும் குறையும். பூக்கும் காலத்தில் மட்டும் வயலில் தண்ணீர் நிற்க வேண்டும். அந்தச் சமயத்தில் சிக்கனம் பார்த்தால் பதர்தான் மிச்சம். இப்படியே செய்தோம்.

சித்திரையில் அறுவடை. 75 கிலோ மூட்டையில் இருபத்தெட்டு வந்தது. நட்டதிலிருந்து காற்று கொண்டுபோனதைக் கூட்டினால் சுமார் 440 மில்லிமீட்டர். பதினேழரை லட்சம் லிட்டருக்கு மேல். கிலோ நெல்லுக்கு 850 லிட்டர் ஆகிறது. உலகச் சராசரி சுமார் 1,400 லிட்டர் என்று சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தார் கணக்கிட்டிருக்கிறார்கள். இதில் ஒரு பாடம் உண்டு. பயிர் வயலை மூடிவிட்ட பிறகு, அது பத்து மூட்டை கொடுத்தாலும் முப்பது மூட்டை கொடுத்தாலும் காற்று தன் பங்கை அதிகமாகக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகவே விளைச்சலைப் பெருக்குவதே தண்ணீரைச் சிக்கனம் செய்வதற்குச் சிறந்த வழி.

காற்று விட்டுச் செல்வது

இவ்விஷயத்தில் நமது ஜில்லாக்காரர்கள் மறக்கக்கூடாத இன்னொரு பக்கம் உண்டு. காற்று சுத்த ஜலத்தை மட்டுமே எடுத்துக்கொள்ளும், உப்பைத் தொடாது. ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளிகளுக்கு இது நன்றாகத் தெரியும். உப்பிட்ட தோலை ஊறவைத்த நீரை அகன்ற தொட்டிகளில் பரப்பி வெயிலில் காயவிடுகிறார்கள். தண்ணீர் போய்விடும், உப்பு தங்கிவிடும். நெல் வயலும் அத்தகைய தொட்டியே. லிட்டருக்கு இரண்டு கிராம் உப்புள்ள கிணற்று நீரைப் பாய்ச்சினால், அந்த 440 மில்லிமீட்டர் ஆவியாகும்போது ஏக்கருக்கு மூன்றரை டன் உப்பு வயலில் மிஞ்சும். மண்ணில் இறங்கும் நீர் அதில் ஒரு பகுதியைக் கழுவிக்கொண்டு போகும். போய்ச் சேருமிடம் பெரும்பாலும் அதே கிணறு.

தொழிற்சாலைக் கழிவு நீரில் கரைந்துள்ள உப்பு லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது விதி. மேலே நாம் எடுத்துக்கொண்ட கிணற்று நீர் அந்த விதிக்கு உட்பட்டதுதான் என்பதைக் கவனிக்க வேண்டும்! இப்பகுதியில் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியோ முழுதுமோ பயனற்றுப் போயிற்று என்ற ஆய்வு விவரம், 1996 ஆகஸ்டு 28-ந் தேதி உச்ச நீதிமன்றம் வேலூர்த் தோல் ஆலை வழக்கில் அளித்த தீர்ப்பில் இடம் பெற்றிருக்கிறது. நஷ்டஈட்டுக்கும் நிலத்தைச் சீர்திருத்துவதற்கும் அத்தீர்ப்பு வழி காட்டிற்று. ஆனால் நிலத்தில் ஏறிய உப்பு தீர்ப்பைக் கேட்டு இறங்கிவிடுவதில்லை. அதைக் கழுவுவதற்கும் நல்ல தண்ணீர்தான் வேண்டும்.

இன்று ஆகாயத்தில் சுற்றும் செயற்கைக் கோள்கள் வயலின் உஷ்ணத்தைப் பார்த்தே அது எவ்வளவு ஆவி விடுகிறதென்று மதிப்பிடுகின்றன. நன்றாக வியர்க்கும் வயல் குளிர்ந்திருக்கும். பெரிய பெரிய பாசனங்களுக்கு அது உபயோகமே. ஆனால் இரண்டு ஏக்கரும் ஒரு கிணறும் வைத்திருப்பவருக்கு ஒரு தகரத் தொட்டி, ஒரு கம்பி வலை, ஓர் அளவுகோல், ஒரு பீப்பாய் இவையே போதும். எந்தப் பள்ளிக்கூடத்திலும் இவற்றைச் சேர்த்துவிடலாம். நமது மாணாக்கர்களில் பெரும்பாலோர் குடியானவர் வீட்டுப் பிள்ளைகள். மார்கழி மாதத்தில் தங்கள் தகப்பனாருக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுக்க அவர்களால் முடியுமானால், பௌதிகப் பரீட்சையில் அதைவிடப் பெரிய தேர்ச்சி வேறில்லை.

பெரியவர் வட்டிக் கடனில் பாதியை அடைத்துவிட்டார். மோட்டார் கொட்டகைச் சுவரில் கரித்துண்டால் "தை 34, பங்குனி 42" என்று எழுதி வைத்திருக்கிறார். அதில் 42-ஐ அடித்துவிட்டு 44 என்று திருத்தியிருக்கிறார். அவர் திருத்தியதே சரி.